சாய்வு நாற்காலியும் ஊழியமும்

1

நாஞ்சில் நாட்டு எழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வயலைப் பேசுகிறார்கள், குளத்தைப் பேசுகிறார்கள், சாப்பாட்டின் ருசியையும் பேச்சின் ருசியையும் பேசுகிறார்கள். நான் கொஞ்ச காலமாக அந்த எழுத்துகளில் உட்காருகிற சாமான்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். திண்ணை, படிப்புரை, பெஞ்சு, கட்டில், சாய்வு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பது யார்? எதிரே நிற்பது யார்? உட்கார்ந்திருக்கிறவனுக்குக் குடிக்க வெள்ளம் கொண்டுவருவது யார்? ஒரு பிரதி எந்தச் சாதியின் கண்ணால் பார்க்கிறது என்று கண்டுபிடிக்க இந்த மூன்று கேள்விகள் பெருமளவுக்குப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தத் தேடலுக்குக் காரணம் உண்டு. இன்று எங்கே திரும்பினாலும் ஓய்வைப் பற்றிய உபதேசம். உனக்கென்று நேரம் ஒதுக்கு, உன் உடம்பை நேசி, மனசை லேசாக வை என்று புத்தகங்கள் வருகின்றன. எங்கள் கடற்கரை விடுதிகளில் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு அதையே சிகிச்சை என்று விற்கிறார்கள். பரபரப்பான வாழ்க்கைக்கு நடுவில் ஓய்வைக் கண்டுபிடிப்பது ஒரு தனிமனிதத் திறமை, ஒழுங்காக அட்டவணை போட்டால் யாருக்கும் கிடைத்துவிடும் என்பதுதான் இந்த உபதேசத்தின் சாரம். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நம் இயக்கங்கள். அங்கே ஓய்வு என்பது கெட்ட வார்த்தை. 'களைப்பா இருக்கு' என்று சொல்கிற தோழரை 'என்ன, பூர்ஷ்வா ஆயிட்டியா' என்று கேலி பண்ணுவோம். கேலிதான், ஆனால் அந்தக் கேலிக்குப் பயந்து மாத்திரை வாங்கக்கூடப் போகாமல் கூட்டத்துக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். சர்க்கரை நோயிலும் சிறுநீரகம் கெட்டும் ஐம்பது வயசைத் தாண்டாமல் போனவர்களின் படத்திறப்புகளில் நாம் எத்தனை பேசியிருக்கிறோம்! 'கடைசி மூச்சு வரை உழைத்தார்' என்பது அந்த மேடைகளின் மாறாத வாசகம்.

இந்த இரண்டு பார்வைகளும் ஒரே இடத்தில்தான் பிசகுகின்றன. ஓய்வை ஒரு ஆளின் சொந்தக் காரியமாகப் பார்க்கிற இடம் அது. ஒருவர் அதை வாங்கிக்கொள்ளலாம் என்கிறார், மற்றவர் அதைத் தியாகம் பண்ண வேண்டும் என்கிறார். நான் சொல்ல வருவது வேறு. ஓய்வு பங்கிடப்படுகிற பொருள். நிலம் மாதிரி, வாய்க்கால் தண்ணீர் மாதிரி. ஒருத்தன் அளவுக்கு மிஞ்சி எடுத்தால் இன்னொருத்திக்கு இல்லாமல் போகும். அந்தப் பங்கீட்டைச் சாதி எப்படிச் செய்தது என்பதற்குக் குமரி மாவட்டத்தைப் போல ஒரு பாடப் புத்தகம் கிடைப்பது அரிது.

2

தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். தேங்காய்ப்பட்டணத்துக்காரரான அவர் தம் சமூகத்தின் உள்ளே இருந்துகொண்டே அதன் பிரபுத்துவத்தைத் தோலுரித்தவர். சவ்தா மன்ஸில் என்ற பெரிய வீட்டின் வாரிசு முஸ்தபாக்கண்ணு. சாய்வு நாற்காலியில் சாய்ந்து பழம்பெருமை பேசிக்கொண்டே வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறான். அந்த வீட்டுப் பெண்களுக்கு அடியும் கண்ணீரும் மிச்சம். ஓய்வு அழுகிப்போனால் எப்படி நாறும் என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டிய நாவல் தமிழில் குறைவு. முஸ்தபாக்கண்ணுக்கு நேரம் மலைபோலக் கிடக்கிறது. ஆனால் அவன் இளைப்பாறுகிறானா? இல்லை. செய்த வேலை என்று ஒன்று இருந்தால்தானே இளைப்பாற முடியும்? நாவலின் கண் நாற்காலியின் மேலேயே நிற்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதன் விஷயமே அதுதான். நாற்காலி சரிவதை அது சொல்லிவிட்டது. நாற்காலியைச் சுமந்தவர்களின் நடுவு ஒடிந்த கதையை எழுதுவது நம் பாடு.

தேரூர்க் கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' இன்னொரு உதாரணம். காரணவர் ஒருவரின் அட்டகாசத்தை அவருடைய ஐந்தாம் மனைவியின் வாயால் சொல்லிச் சிரிக்கவைத்த நூல். சொத்து மருமகனுக்கா மகனுக்கா என்ற வெள்ளாளர் வீட்டுச் சண்டையில் அது மக்களின் பக்கம் நின்றது, ஒரு சட்ட மாற்றத்துக்கே துணைபோனது. நல்லது. ஆனால் மருமகனுக்குப் போனாலும் மகனுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பத்தாயத்துக்கு நெல் வந்த வழி ஒன்றுதான். கன்னிப்பூவிலும் கும்பப்பூவிலும் சேற்றில் குனிந்து நின்றவர்கள் வழியாக அது வந்தது. சீர்திருத்தம் படிப்புரையைத் தாண்டி வயலுக்கு இறங்கவில்லை.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் தாமோதர ஆசான் கதை சொல்கிறார், இளவட்டங்கள் கேட்கிறார்கள். 1966இல் வந்த அந்த நாவலின் அழகே அந்தப் பேச்சில் இருக்கிறது. கதை கேட்க நேரம் வேண்டும் என்பதை நாம் கவனிப்பதில்லை. மாலை நேரத்தில் ஒரு பையன் வேலைக்கு அனுப்பப்படாமல் சும்மா உட்கார்ந்து கிழவரின் வாயைப் பார்க்க முடிகிறது என்றால் அது ஒரு செல்வம். அந்தச் செல்வத்திலிருந்துதான் எழுத்தாளன் வருகிறான். நம் சேரிகளிலிருந்து எழுத்தாளர்கள் ஏன் பிந்தி வந்தார்கள் என்று கேட்கிறவர்கள் பள்ளிக்கூடத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். சாயங்காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) வேறொரு எச்சரிக்கை தருகிறது. வயசுக்கு வந்த லிஸி வீட்டுக்குள் அடைபடுகிறாள். வெளிவேலை இல்லை, வெயில் இல்லை. இதை ஓய்வு என்று சொல்ல முடியுமா? வேண்டியபோது உட்காரவும் வேண்டியபோது எழுந்து வெளியே நடக்கவும் முடிவதற்குப் பேர்தான் ஓய்வு. எழுந்துபோக முடியாத இருப்பு காவல். நம் குடும்பங்களும் கொஞ்சம் காசு பார்த்ததும் பெண்ணை வீட்டில் இருத்துவதைக் கௌரவம் என்று நினைக்கத் தொடங்கியிருக்கின்றன. மேல்சாதிக்காரன் தன் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த சிறையை நாம் ஓய்வு என்று நினைத்து இரவல் வாங்க வேண்டாம்.

இந்த வரிசையில் என்னை அதிகம் உலுக்கியது தகழியின் 'தோட்டியின் மகன்'. 1947இல் மலையாளத்தில் வந்தது. தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. ஆலப்புழையில் மலம் அள்ளிய தமிழர்களின் மூன்று தலைமுறைக் கதை. உடம்புக்கு முடியாமல் போன இசக்கிமுத்து தன் வாளியையும் மண்வெட்டியையும் மகன் சுடலைமுத்துவின் கையில் கொடுப்பதில் நாவல் தொடங்குகிறது. கொஞ்ச நாள் படுத்திருக்க வேண்டும் என்றால் அந்தத் தகப்பனுக்கு இருக்கிற ஒரே விடுப்பு விண்ணப்பம் அவன் பெற்ற பிள்ளைதான். அந்த ஓய்வும் அவனுக்கு நிலைக்கவில்லை, செத்துப்போகிறான். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலைசெய்கிறவர்களைப் பிரித்துவைப்பது என்று அம்பேத்கர் எழுதினார். ஓய்வின் கண்ணால் பார்த்தால் அது தலைமுறைகளுக்கு நடுவிலும் வேலை செய்கிறது. மேலே உள்ளவன் பிள்ளைக்குச் சாய்வு நாற்காலியை விட்டுப் போகிறான், கீழே உள்ளவன் வாளியை விட்டுப் போகிறான்.

3

'சும்மா இருத்தல்' என்று தமிழில் ஒரு சொல் உண்டு. சைவ மரபில் அதற்கு உச்சிப்பீடம். தாயுமானவர் முதலானவர்கள் அதை ஞானத்தின் கடைசிப் படியாகப் பாடினார்கள், மடங்கள் அதற்கு வியாக்கியானம் எழுதின. அதே சொல்லை எங்கள் தெருவில் நின்று கேட்டுப் பாருங்கள். 'ஏம்பிலே சும்மா இருக்க, ஒனக்கு சோலி ஒண்ணும் இல்லியா?' என்றுதான் அது காதில் விழும். மேலே அது முக்தி, கீழே அது குற்றம்.

இந்தக் குற்றச்சாட்டு பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டு தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. நூறு நாள் வேலை என்று ஊரெல்லாம் சொன்னது அதைத்தான். வேலையிடத்தில் குடிதண்ணீர், இளைப்பாற நிழல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் அந்த வேலை நடந்த காலமெல்லாம் ஊர்ப் பெரிய மனுஷர்கள் சொன்னது என்ன? 'மரத்து மூட்டுல படுத்து உறங்கிட்டு சம்பளம் வாங்குகாளுக.' வயலுக்கு ஆள் கிடைக்காத கோபம் அது. சட்டம் கொடுத்த நிழலில் ஒரு சாம்பவர் பெண் பத்து நிமிஷம் தலைசாய்த்ததை அவர்களால் தாங்க முடியவில்லை. அதே மனுஷர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிநேரம் படுப்பதை யாரும் உறக்கம் என்று சொல்வதில்லை, 'ஐயா கொஞ்சம் சாஞ்சிருக்காவ' என்பார்கள். ஒரே செயலுக்கு மொழி இரண்டு பேர் வைத்திருக்கிறது.

சும்மா இருப்பதை ஆயுதமாக எடுத்தவர்களும் இந்த மண்ணின் வரலாற்றில் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில் 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை என்றால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்றார். புலையர்கள் வயலில் இறங்காமல் உட்கார்ந்தார்கள். எசமானுக்காக வேலை செய்யாத அந்த நாட்களின் பட்டினியிலிருந்து பள்ளிக்கூடக் கதவு திறந்தது. நாம் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று ஆண்டைக்கு அன்றைக்குத் தெரிந்தது. நம்மில் பலருக்கு அது இன்னும் தெரியவில்லை.

4

இனி ஊழியம் என்ற சொல்லுக்கு வருகிறேன். இன்றைக்கு அது நல்ல சொல். சபையில் போதகர் செய்வது ஊழியம், கட்சியில் முழுநேரமும் இருக்கிறவர் முழுநேர ஊழியர். ஆனால் பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலி இல்லாத கட்டாய வேலை. சர்க்கார் சுமையைத் தலையில் சுமப்பது, யானைக்கு ஓலை வெட்டிப்போடுவது, கேட்டபோதெல்லாம் போய் நிற்பது. சாணாரும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதியாரும் அதில் நசுங்கினார்கள். அய்யா வைகுண்டர் எதிர்த்து நின்ற கொடுமைகளில் அதுவும் ஒன்று. பறையரும் புலையரும் அதற்கும் கீழே, விற்கவும் அடகு வைக்கவும்கூடிய அடிமைகளாகக் கிடந்தார்கள். 1855இல்தான் திருவிதாங்கூர் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது.

தோள்சீலைப் போராட்டத்தை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். 1829ஆம் ஆண்டு அரசாணை சாணார் பெண்களின் மேல்சீலையை மறுத்ததையும், 1859ஆம் ஆண்டு ஆணை அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததையும் மேடைகளில் சொல்கிறோம். அந்தப் போராட்டத்தோடு ஒட்டி நடந்த இன்னொரு சண்டையை யாரும் பேசுவதில்லை. அது ஞாயிற்றுக்கிழமைக்கான சண்டை. மயிலாடியில் சாம்பவரான மகாராசன் வேதமாணிக்கத்தின் முயற்சியால் ரிங்கல்தௌபே வந்து, 1809இல் தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை எழுந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், கிறித்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு இழுக்கக்கூடாது என்ற விலக்கு கிடைத்தது. காகிதத்தில் கிடைத்தது நடப்பில் வர அடிபட வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வராததற்காக எசமான்களிடம் உதைபட்டவர்களைப் பற்றி மிஷனரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

மதமாற்றத்தைப் பற்றி எத்தனை ஆராய்ச்சி! அரிசிக்கு மாறினார்கள், பால்பவுடருக்கு மாறினார்கள் என்று எத்தனை ஏளனம்! ஏழு நாளில் ஒரு நாள் எசமான் கூப்பிட்டால் போக வேண்டாம் என்று சொல்கிற ஒரு கடவுள் கிடைத்தபோது அந்த அடிமைச் சனங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? தமிழ் வேதாகமத்தில் 'ஓய்வுநாள்' என்ற சொல் இருக்கிறது. வாரத்தில் ஒரு பகல் தன் உடம்பு தன்னுடையது என்பதை அந்தச் சொல் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஓய்வுநாளை மதச் சடங்கு என்று ஒதுக்குகிற நம் முற்போக்கு விமர்சகர்கள் அதைத் தொழிலாளர் வரலாற்றின் ஒரு பக்கமாகவும் வாசிக்க வேண்டும்.

எங்க அம்மை தோவாளைப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை உடுத்து சபைக்கு வருவாள். பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்துவிடும். அவள் மட்டுமல்ல, பெண்கள் பக்கம் பாதிப்பேர் அப்படித்தான். போதகர் ஒருவர் மேடையிலிருந்தே கடிந்துகொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மை சொன்னாள்: 'கர்த்தரே ஏழாம் நாளு ஓஞ்சிருந்தாரு இல்லியா, பின்ன என்னைய மட்டும் எழுப்புகது எதுக்கு?' யாரும் அவளை வேலைக்குக் கூப்பிட முடியாத ஒரு மணிநேரம் வாரத்தில் அது ஒன்றுதான். வீட்டில் படுத்தால் பிள்ளை அழும், அடுப்பு கூப்பிடும். வயல்வரப்பில் உட்கார்ந்தால் நயினார் கத்துவார். கோயில் பாயில் உட்கார்ந்தபடி உறங்கிய அந்த உறக்கம்தான் 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் அடிபட்டு வாங்கிய சொத்து என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

5

நம் எழுத்து இந்த உடம்பை எப்படிப் பார்த்திருக்கிறது? இதற்குக் குமரியை விட்டுக் கொஞ்சம் வடக்கே போக வேண்டும். பாமாவின் 'சங்கதி' (1994) தெற்குக் கரிசல் பக்கத்துப் பறையர் பெண்களின் வாழ்க்கையைச் சொல்வது. தீப்பெட்டி ஆலைக்குப் போகிற சிறுமி மைக்கண்ணியை அதில் மறக்க முடியாது. ஆனால் நான் அடிக்கடி திரும்பிப் போவது வேறொரு அவதானிப்புக்கு. வேலை முடிந்து வந்த ஆண்கள் சாவடியிலும் கடைத்தெருவிலும் பொழுதைப் போக்கிவிட்டுச் சோற்று நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறார்கள். அதே வயலில் அதே வெயிலில் நின்ற பெண் வீட்டுக்கு வந்து இரண்டாவது வேலையைத் தொடங்குகிறாள். மேல்சாதியின் சாய்வு நாற்காலியைக் கேள்வி கேட்கிற நமக்கு நம் தெருச் சாவடியைக் கேள்வி கேட்கிற தைரியத்தைப் பாமா கொடுத்தார். நம்மிடம் இருக்கிற கொஞ்ச ஓய்வையும் ஆண்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது.

அந்த நூலில் பேய்பிடித்தலைப் பற்றிய பகுதியும் முக்கியம். நம் பெண்களை மட்டும் பேய் ஏன் பிடிக்கிறது என்ற கேள்விக்கு, ஓயாத வேலையும் சொல்ல வழியில்லாத மனப்பாரமும்தான் அப்படி வெளிவருகிறது என்ற பதிலுக்கு அந்தப் பிரதி வந்துசேர்கிறது. மனநலம் என்று இன்றைக்குப் பேசப்படுவதை நம் பெண் ஒருத்தி முப்பது வருஷத்துக்கு முன்பே சேரி மொழியில் பேசிவிட்டாள். பேயாடுகிற நேரத்தில் அவளை யாரும் வேலை ஏவ முடியாது. அதுவும் ஒருவகை ஓய்வுநாள்தான், எவ்வளவு கொடுமையான விலை கொடுத்து வாங்கியது!

பாமாவின் 'கருக்கு' (1992) வந்தபோது பசியையும் அவமானத்தையும் மேற்கோள் காட்டாத கட்டுரை இல்லை. அதே நூலில் பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டுகளைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறாரே, அதைப் பேசியவர்கள் எத்தனை பேர்? தலித் என்றால் வலி என்று விமர்சனம் ஒரு சட்டகம் போட்டுவிட்டது. நாம் சிரித்த, உறங்கிய, சும்மா கிடந்த பக்கங்கள் அந்தச் சட்டகத்துக்கு வெளியே விழுகின்றன. எழுதுகிற நம் பிள்ளைகளும் அதைத் தெரிந்துகொண்டு வலியை மட்டும் எழுதுகிறார்கள். சோர்ந்துபோகாத, ஓயாத உழைப்பாளி என்று நம் தாய்மாரைப் புகழ்கிற கவிதைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ஆண்டை விரும்பியதும் அதே ஓயாத உடம்பைத்தான்.

6

இயக்கத்துக்கு வருகிறேன். நம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற ஒரு கதை உண்டு. அம்பேத்கர் நள்ளிரவில் படித்துக்கொண்டிருக்கிறார், மற்றத் தலைவர்கள் உறங்கிவிட்டார்கள், ஏனென்று கேட்டால் தன் சமூகம் உறங்கிக்கொண்டிருப்பதால் தான் விழித்திருப்பதாகச் சொல்கிறார். இளைஞர்களை உசுப்ப நல்ல கதை. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிற நாம் அம்பேத்கரின் இன்னொரு பக்கத்தைச் சொல்வதில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அவர். தொழிற்சாலைத் தொழிலாளர்க்குச் சம்பளத்தோடு விடுமுறை தரும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேரத்தை 48 மணியாகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தமும் அவர் கையால் வந்தது. காந்தியத்தைப் பற்றி 1945இல் எழுதியபோது, எந்திரங்கள் வேண்டும் என்று அவர் வாதாடியதன் காரணமே ஓய்வுதான். ஓய்வு இல்லாமல் மனிதன் மிருக வாழ்க்கையிலிருந்து எழ முடியாது, பண்பாடு என்பது ஓய்விலிருந்து வருவது, எந்திரமே அந்த ஓய்வைச் சாமானியனுக்குத் தரும் என்பது அவர் வாதத்தின் சுருக்கம். கிராமத்துக்குத் திரும்புங்கள், கையால் செய்யுங்கள் என்ற உபதேசத்தில் யாருடைய கை தேயும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மனிதரின் உடம்பு என்ன ஆயிற்று? சர்க்கரை நோயும் நரம்புவலியும் அவரைத் தின்றன. கடைசிக் காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார், தோட்டம் போட்டார், நாய் வளர்த்தார். 1956 டிசம்பர் 6ஆம் தேதி உறக்கத்திலேயே போனபோது வயது 65. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்று ஏங்குகிற நாம், அந்தப் பத்து வருஷத்தைத் தின்ற விழிப்பை மட்டும் படமாக மாட்டிவைத்திருக்கிறோம். அவர் வயலின் பிடித்த கையை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை.

கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், புற்றுநோயோடு வாழ்ந்த நாட்களைப் பற்றி 1988இல் ஒரு நூல் எழுதினார். தன் உடம்பைப் பார்த்துக்கொள்வதை அவர் சொகுசாக நினைக்கவில்லை. தன்னைப் போன்றவர்கள் பிழைத்திருக்கக்கூடாது என்று நினைக்கிற ஒரு சமூகத்தில் பிழைத்திருப்பதையே போராட்டமாகப் பார்த்தார். இன்று அழகு சாமான் விற்கிறவர்களும் அவரை எடுத்தாள்கிறார்கள், அது வேறு சங்கதி. நமக்கு அவரிடம் கற்க இருக்கிறது. செத்துப்போன தோழரால் எந்த ஆண்டைக்கும் இடைஞ்சல் இல்லை.

எங்கள் கூட்டம் ஒன்றில் இரவு பத்தரை மணிக்குத் தீர்மானங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கப் போகிற ஒரு அக்கா எழுந்தாள். பகலெல்லாம் குத்தவைத்து உட்கார்ந்து தோட்டு எண்ணெயில் கை வெந்தவள். 'நீங்க கூட்டம் முடிச்சி உறங்கப் போவிய. நான் போயி கலம் கழுவணும், நாளைக்குள்ளதுக்கு வெள்ளம் புடிக்கணும். எனக்கு எப்ப கூட்டம் முடியும்?' என்றாள். தலைமை தாங்கியவர் 'இன்னும் ரெண்டு தீர்மானம்தான் தோழர்' என்றார். அவள் அதற்கு அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. பெண்கள் ஏன் தலைமைக்கு வருவதில்லை என்று அதற்குப் பிறகு ஒரு கருத்தரங்கம் நடத்தினோம். பதில் அந்தப் பத்தரை மணியில் இருந்தது.

முழுநேர ஊழியர் என்ற பேரில் நாமும் சம்பளமில்லாத, விடுப்பில்லாத, கேட்டபோதெல்லாம் வந்து நிற்கிற வேலையைத்தான் வாங்குகிறோம். கொடி வேறு, முழக்கம் வேறு. உடம்புக்கு அது பழைய ஊழியம்தான்.

7

ஓய்வைச் சட்டமாகவும் வாங்க முடியும் என்பதற்கு அண்மையில் சாட்சிகள் உண்டு. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்கள் 'பெண்கூட்டு' என்று திரண்டு கேட்டதால் 2018இல் கேரளம் கடைத் தொழிலாளர்க்கு உட்காரும் உரிமை கொடுத்தது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்றது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே நாளில் அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எந்த உபதேசப் புத்தகமும் இதைச் செய்யவில்லை.

ஆனால் நாற்காலி இன்னும் சாதியை விட்டு இறங்கவில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் நாடு முழுக்கப் போயிற்று. அவர் வென்றது தலைவர் நாற்காலியை. அவருக்குக் கிடைத்தது தரை. அடுத்த வரிசையில் வயலும் வீட்டுவேலையும் ஒப்பந்தத் துப்புரவும் இருக்கின்றன. அம்பேத்கர் கொண்டுவந்த 48 மணி நேரம் தொழிற்சாலை வாசலோடு நின்றது. நம் பெண்களில் பெரும்பாலோர் அந்த வாசலுக்கு வெளியே வேலை செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள்.

ஆகவே சில காரியங்கள் செய்யலாம் என்று நினைக்கிறேன். விமர்சனம் எழுதுகிற மாணவர்கள் ஒரு நாவலை எடுத்ததும் அதில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் உறங்குகிறார், அந்த உறக்கத்துக்கு யார் காவல் என்று குறித்துக்கொண்டு போகட்டும். தன்வரலாறு எழுதுகிறவர்கள் தங்கள் தாய் வேலை செய்ததோடு நிறுத்தாமல், அவள் எங்கே எப்போது தலைசாய்த்தாள் என்றும் எழுதட்டும். தொழிற்சங்கத்தில் இருக்கிறவர்கள் கூலி உயர்வுக்கு அடுத்த வரியில் நிழலையும் இருக்கையையும் வார விடுப்பையும் எழுதட்டும். இயக்கத்தில் ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் படுத்தால் இன்னொருவர் எழுந்து நிற்க முடிய வேண்டும், இசக்கிமுத்து மகனைக் கூப்பிட்டது மாதிரி யாரும் வீட்டுக்குள்ளிருந்து மாற்றாள் தேட வேண்டாம். முகாம் நடந்தால் பாத்திரம் ஆண்கள் கழுவ வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க அமைப்பின் நிதியிலிருந்து காசு ஒதுக்க வேண்டும், படத்திறப்புக்குச் செலவழிக்கிற காசைவிட அது குறைவுதான்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை சொல்கிறேன், நாளைக்கே செய்யலாம். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு அச்சடிக்கும்போது, தொடங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் முடியும் நேரத்தையும் போடுங்கள். போட்ட நேரத்தில் முடியுங்கள்.